3-டி வீட்டின் கட்டைவிரல்

குப்பை வைக்கும் மூலையில் கிழிந்து கிடந்த பையிலிருந்து முடி வழிந்துகொண்டிருந்தது. சீப்பில் சிக்கும் நாலு இழை இல்லை, கை நிறைய அள்ளலாம். கறுப்பு, பழுப்பு, நரை எல்லாம் கலந்து, சிலது முழ நீளமும் சிலது விரல் நீளமுமாக இருந்தது. லேப் அக்கா குனிந்து பார்த்தாள், தொடவில்லை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். கையுறை இல்லாமல் எதையும் தொடக்கூடாது என்பது அவளுக்கு வீட்டிலும் பழகிவிட்டது.

போட்டோ எடுத்துக் குடியிருப்புக் குழுவில் போட்டாள். "இது யார் வீட்டுப் பை? குழாயில போனா அடைச்சுக்கும், பாத்துக்கோங்க." அவள் நினைத்தது அவ்வளவுதான், குழாய் அடைப்பு.

அந்தக் குழுவுக்கு இரண்டு வழக்கங்கள் உண்டு. இரண்டையும் கொண்டுவந்தது இரண்டாம் மாடியில் இருந்த செயலாளர் அம்மா. மொட்டைமாடி, மோட்டார் அறை, மீட்டர் அறை எல்லாவற்றின் சாவியும் ஒரே வளையத்தில் அவர் இடுப்பில் தொங்கும். படியேறும்போது சாவிக்கொத்து முன்னால் வரும், அம்மா பின்னால் வருவார். குழு தொடங்கிய காலத்தில் யாரை எப்படிக் கூப்பிடுவது என்பதிலேயே சண்டை வந்தது. தன்னைப் பெயர் சொல்லி எழுதிவிட்டார்கள் என்று ஒருவர் விலகிப்போனார். அதனால் எல்லாரும் எல்லாரையும் வீட்டு எண்ணால்தான் தங்கள் போனில் பதிந்துகொள்ள வேண்டும் என்று அம்மா சொன்னார். 2-ஏ எழுதினார், 5-பி பதில் சொன்னார் என்றால் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. இரண்டாவது வழக்கம், கட்டைவிரல். ஆளுக்காள் "சரி", "ஓகே" என்று எழுதினால் போன் நாளெல்லாம் சிணுங்கும். சம்மதம் என்றால் ஒரு கட்டைவிரல் போட்டால் போதும். தண்ணீர்த் தொட்டி கழுவுவதிலிருந்து வாசல் கேட்டுக்குப் பச்சை பெயின்ட் அடிப்பதுவரை அங்கே எல்லாம் கட்டைவிரலால்தான் முடிவானது.

முடிப் படத்துக்கு முதலில் பதில் போட்டவர் ஐந்தாம் மாடி பிரின்சிபல். கல்லூரியை விட்டு வந்து வெகுநாளாகியும் விசாரணை செய்யும் சுபாவம் அவரை விட்டுப் போகவில்லை.

"நேத்து 3-டி வாசல்ல இதே மாதிரி ஒரு கத்தை கிடந்தது. நானே பாத்தேன்."

நாலாம் மாடியில் உடற்பயிற்சிக் கூடம் நடத்தும் ஜிம் தம்பி உடனே கேட்டான். "சார், நீங்க அஞ்சாவது மாடி. மூணாவது மாடி வாசல்ல உங்களுக்கு என்ன வேலை?"

"லிஃப்ட் நின்னுபோச்சு, படியில இறங்கினேன். விசாரணை முடிஞ்சுதா தம்பி?"

"முடிஞ்சுது சார். நீங்க போகலாம்."

செயலாளர் அம்மா இடையில் வந்தார். "ரெண்டு பேரும் நிறுத்துங்க. 3-டி, இது உங்க வீட்டுப் பையா? கொஞ்சம் சொல்லுங்க."

3-டி எதுவும் சொல்லவில்லை. மறுநாள் காலை அந்தக் கேள்விக்கு அடியில் ஒரு மஞ்சள் கட்டைவிரல் முளைத்திருந்தது.

"ஒத்துக்கிட்டாங்களே, அதுவே பெரிசு" என்றான் ஜிம் தம்பி. அதற்கும் அடுத்த காலை ஒரு கட்டைவிரல் வந்தது.

*

3-டி வீட்டுக்கு ஒரு பெண் தனியாகக் குடிவந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன் அங்கே ரயில் ஓட்டி ஓய்வுபெற்ற டிரைவர் ஐயா இருந்தார். மனைவி போனபின் மகள் வந்து அவரை வெளியூருக்குக் கூட்டிப்போய்விட்டாள். மழைக்காலம் முழுக்க வீடு பூட்டிக் கிடந்தது. வெளிநாட்டில் இருக்கும் வீட்டுக்காரர் போனிலேயே பேசி இந்தப் பெண்ணைக் குடிவைத்தார். நாற்பதை ஒட்டிய வயது. அளவாகச் சிரிப்பாள். லிஃப்டில் பார்த்தால் தலையசைப்பாள், அதற்கு மேல் பேச்சு வளராது. அந்தக் கட்டடத்தில் யாரும் லிஃப்டில் பேசுவதில்லை. பேச வேண்டியதெல்லாம் குழுவில் இருந்தது.

எதிர் வீடு லேப் அக்காவுடையது, 3-சி. அவள் கதவின் கண்ணாடித் துளை நேராக 3-டி வாசலைப் பார்த்திருக்கும். முடிப் பைக்குப் பிறகு அந்தத் துளையில் கண் வைப்பது அவளுக்கு வழக்கமாகிவிட்டது. எதிர் வீட்டில் மணி அடித்தால் அடுப்பைக் குறைத்துவிட்டுப் போய் நிற்பாள்.

வந்தவர்களில் பாதிப்பேர் தலையை மூடியிருந்தார்கள். ஒருத்தி கழுத்துத் துணியை நெற்றிவரை இழுத்துவிட்டிருந்தாள். ஓர் ஆள் வெயில் இல்லாத நேரத்தில் தொப்பியோடு வந்து, மணியடிப்பதற்கு முன் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தான். ஒரு கணவன் தன் மனைவியைக் கையைப் பிடித்து அழைத்துவந்து உள்ளே விட்டுவிட்டு, தான் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். யாரும் சத்தமாகப் பேசவில்லை. எல்லாரிடமும் ஒரு பை இருந்தது.

அவளை உலுக்கியது வேறு. ஒரு நாள் சாம்பல் நிறத் துணி போர்த்திய ஒரு வயதான அம்மா உள்ளே போனார். முதுகு வளைந்து, சுவரைப் பிடித்தபடி நடந்தார். பிறகு கதவு திறந்து வெளியே வந்தது வேறு ஒருத்தி. காதோரம் சுருண்ட கறுப்பு முடி, நிமிர்ந்த நடை, பத்துப் பதினைந்து வயது குறைந்த முகம். உள்ளே போன அம்மா திரும்பி வரவே இல்லை. லேப் அக்கா பால் பொங்கி வழியும்வரை நின்று பார்த்தாள்.

இரண்டு ரத்தக் குப்பியை மாற்றி வைத்துவிட்டால் ஒருவர் வியாதி இன்னொருவர் தலையில் ஏறிவிடும். ஆளையும் பெயரையும் சரிபார்ப்பதுதான் அவள் தொழிலே. எழுதுவதற்கு முன் அவள் தயங்கினாள். பிறகு எழுதிவிட்டாள்.

"சொல்லலாமான்னு தெரியல. 3-டி உள்ள போறவங்க வேற, வெளிய வர்றவங்க வேற. நான் கண்ணால பாத்தேன்."

அன்று குழு அடங்கவில்லை.

"ஆளை மாத்தற கும்பலா இருக்கும்" என்றார் பிரின்சிபல். "வேஷம் மாத்தி, போட்டோ எடுத்து, போலி அடையாள அட்டை. நான் ஒரு கட்டுரைல படிச்சிருக்கேன்."

"நீங்க எல்லாத்தையும் ஒரு கட்டுரைல படிச்சிருப்பீங்க சார்."

"சிரிங்க தம்பி. நாளைக்கு போலீஸ் வந்து எல்லார் வீட்டுக் கதவையும் தட்டும்போது இதே மாதிரி சிரிங்க."

"3-டி வீடுன்னதும் எல்லாருக்கும் கண்ணு முன்னாடி என்னென்னமோ தெரியுது. கறுப்புக் கண்ணாடியைக் கழட்டிட்டுப் பாருங்க."

செயலாளர் அம்மா நேராகவே கேட்டார். "3-டி, உங்க வீட்டுல தொழில் ஏதாவது நடக்குதா? வர்றவங்க யாரு?"

காலையில் கட்டைவிரல். கேள்விக்கு மட்டும் இல்லை, பிரின்சிபலின் போலீஸுக்கும் கட்டைவிரல், ஜிம் தம்பியின் கறுப்புக் கண்ணாடிக்கும் கட்டைவிரல்.

"பாத்தீங்களா" என்று எழுதினார் பிரின்சிபல். "பதில் கிடையாது. ஆனா எல்லாத்தையும் படிக்கிறாங்க. படிச்சிட்டு நமக்கு விரல் காட்டறாங்க. இதுக்குப் பேர் என்ன தெரியுமா, திமிர்."

ஜிம் தம்பிகூட இந்த முறை எதிர்த்துப் பேசவில்லை. நேரில் போய்க் கேட்கலாமே என்று யாருக்கும் தோன்றாமல் இல்லை. "நேர்ல கேட்டா சண்டை மாதிரி ஆயிடும்" என்று செயலாளர் அம்மா சொன்னார். எல்லாரும் அதற்குக் கட்டைவிரல் போட்டார்கள். 3-டி உட்பட.

*

வார இறுதியில் அம்மா ஒரு தீர்மானம் போட்டார். "குடியிருப்புல தொழில் செய்யக்கூடாதுன்னு விதி இருக்கு. 3-டி வீட்டைக் காலி பண்ணச் சொல்லி வீட்டுக்காரருக்கு எழுதறேன். சம்மதிக்கறவங்க விரல் போடுங்க."

மாலைக்குள் விரல்கள் குவிந்தன. லேப் அக்கா மட்டும் போடவில்லை. எதிர்ப்பு என்று இல்லை. வேலைக் கூடத்தில் கூட்டம், பிறகு போடலாம் என்று விட்டிருந்தாள். காலையில் பல் தேய்த்துக்கொண்டே போனைத் திறந்தவள் அப்படியே நின்றாள்.

விரல் போட்டவர்களின் வரிசையில் கடைசியாக 3-டி இருந்தது.

தன்னை வீட்டைவிட்டுத் துரத்தும் தீர்மானத்துக்குத் தானே சம்மதம் சொல்லியிருந்தது.

திமிர் பிடித்தவர்களை லேப் அக்கா பார்த்திருக்கிறாள். ஊசி குத்தவிடாமல் கையை உதறுவார்கள், கத்துவார்கள். இது அப்படி இல்லை. கூடத்தில் ஆண் நோயாளிக்குக் கர்ப்பப் பரிசோதனை முடிவு வந்தால், அந்த ஆளின் வயிற்றைப் பார்க்கமாட்டார்கள். குப்பியில் ஒட்டிய சீட்டைத்தான் பார்ப்பார்கள். அவளுக்கு முதல் முறையாகச் சந்தேகம் அந்தப் பெண்ணை விட்டு, 3-டி என்று பதிந்திருந்த அந்தப் போன் எண்ணின் மேல் திரும்பியது.

வாயைக் கொப்பளித்துவிட்டுப் போய் எதிர் வீட்டு மணியை அடித்தாள்.

கதவைத் திறந்தவளின் கண்கள் சிவந்திருந்தன. கையில் போன். லேப் அக்கா வாயைத் திறப்பதற்குள் அவளே கேட்டாள்.

"உங்களுக்கு ஏதாவது தெரியுமா அக்கா? வீட்டுக்காரர் இப்பத்தான் எழுதியிருக்கார், செயலாளர் அம்மா காலைலயே சொன்னாங்களாம். மாசக் கடைசில வீட்டைக் காலி பண்ணணுமாம். 'நீங்களே சம்மதிச்சிட்டீங்களாமே, ரொம்ப நல்லது'ன்னு போட்டிருக்கார். நான் யார்கிட்ட சம்மதிச்சேன்?"

"குழுவுல விரல் போட்டிருக்கீங்களே."

"எந்தக் குழு?"

லேப் அக்கா தன் போனை நீட்டினாள். அந்தப் பெண் வாசலில் நின்றபடியே படித்தாள். மேலே தள்ளித் தள்ளிப் படித்தாள். முடிப் படம், போலி அடையாள அட்டை, உள்ளே போறவங்க வேற. அந்த இடம் வந்ததும் லேப் அக்கா போனைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்று கையைக் கொண்டுபோய், வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

"இது என் நம்பரே இல்ல" என்றாள் அவள் கடைசியில். போனைக் கொடுத்துவிட்டு வழிவிட்டு நின்றாள். "உள்ள வாங்க. வந்து எத்தனை பேரைப் பூட்டி வெச்சிருக்கேன்னு எண்ணிட்டுப் போங்க."

முன்னறையில் பெரிய ஜன்னல். அதன் அடியில் ஒரு மேஜை, மேஜை விளிம்பில் இறுக்கித் திருகிய மரத்தலை ஒன்று. அதன் மேல் வலைத் துணியில் தொப்பி. பாதித் தொப்பியில் முடி வளர்ந்திருந்தது. பக்கத்தில் ஆணிகளை அடித்த பலகை, முடிக் கத்தையை அதில் இழுத்துச் சிக்கெடுப்பது. சிக்கில் கழிந்த முடி ஒரு பையில் கிடந்தது. சுவரோரம் நாற்காலி, எதிரே கண்ணாடி. கண்ணாடிக்கு ஒரு திரை போட்டிருந்தது.

"வந்த உடனே கண்ணாடி பாக்க யாருக்கும் பிடிக்காது. தலைல வெச்ச பிறகுதான் திரையை எடுப்பேன்." கொக்கி முனை ஊசி ஒன்றை எடுத்து வலையின் ஒரு கண்ணுக்குள் விட்டு, ஓர் இழை முடியை இழுத்து முடிச்சிட்டுக் காட்டினாள். "இப்படி ஒண்ணு ஒண்ணா. கடைல வாங்கற விக் ஒரு தலைக்கும் பொருந்தாது. வைத்தியத்துல முடி போனவங்க வருவாங்க, தீக்காயம் பட்டவங்க வருவாங்க, சும்மா கொட்டிப்போனவங்களும் வருவாங்க. கடை வெச்சா வரமாட்டாங்க. வீடா இருக்கணும், பேர்ப்பலகை இருக்கக் கூடாது. அதனாலதான் இந்த வீடு. இந்த ஜன்னல் வெளிச்சத்துக்காகத்தான் வந்தேன். இனி எங்க போய் இவங்களை வரச்சொல்றது?"

"இதை முதல்லயே சொல்லியிருந்தா..."

"யாரு கேட்டா?"

லேப் அக்கா மரத்தலையின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"கேட்டிருந்தாலும் வர்றவங்க யாருன்னு சொல்லியிருக்கமாட்டேன்" என்றாள் அவள். "உங்க லேப்ல சொல்லுவீங்களா?"

*

செயலாளர் அம்மா கதவைத் திறந்தபோது லேப் அக்கா உட்காரக்கூட இல்லை. விக் வேலையையும், அந்த எண் அவளுடையது இல்லை என்பதையும் சொன்னாள். அம்மா முதலில் நம்பவில்லை.

"அதெப்படி? அவங்க குடிவந்தப்பவே பாத்தேன், 3-டி குழுவுல இருந்தது. யாரோ சேர்த்துட்டாங்கன்னு விட்டுட்டேன்."

"அப்ப இது யாரு?"

இருவரும் அந்த எண்ணைப் பார்த்தார்கள். படத்தில் ஒரு ரோஜாப்பூ. பெயர் என்று எதுவும் இல்லை. அவர்களே வைத்த 3-டி என்ற பெயர்தான். அம்மா அவசரமாகப் பழைய செய்திகளை மேலே தள்ளிப் பார்த்தார். இவ்வளவு நாளும் குழுவில் என்னென்ன எழுதினோம் என்பது நினைவில் ஓடியிருக்க வேண்டும். எந்த வீடு எப்போது பூட்டியிருக்கும், மோட்டார் அறைச் சாவியை எந்தத் தொட்டிக்கு அடியில் வைப்பது என்பதுவரை.

எண்ணை அழைத்து ஒலிபெருக்கியில் போட்டார். ஒரே மணியில் எடுத்தார்கள்.

"ஆங், சொல்லுங்கம்மா, சௌக்கியமா? லிஃப்ட் இப்பவாவது ஒழுங்கா ஓடுதா?"

டிரைவர் ஐயாவின் குரல்.

அம்மா லேப் அக்காவைப் பார்த்தார். "ஐயா, நீங்களா? இன்னும் குழுவுலயா இருக்கீங்க?"

"யாரும் எடுக்கல, அதனால இருந்துட்டேன். தப்பா?"

"எல்லாத்துக்கும் விரல் போடறீங்களே ஐயா. படிச்சிட்டுத்தான் போடறீங்களா?"

"எழுத்தெல்லாம் கலங்கலாத் தெரியுதும்மா. அது யாரு படிக்கறது? வண்டி ஓட்டறப்ப ஒவ்வொரு சிக்னலுக்கும் கையைத் தூக்கணும், பாத்துட்டேன்னு. அதே பழக்கம். இங்க பொண்ணும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போனதும் வீடு ஓஞ்சுபோகுது. காலைல உங்களையெல்லாம் மேலருந்து கீழ ஒரு தடவை பாத்துக் கையைத் தூக்கிட்டு வருவேன். பொழுது விடிஞ்ச மாதிரி இருக்கும்." குரலைத் தாழ்த்திக் கேட்டார். "நான் ஏதாவது தப்பா போட்டுட்டேனா?"

"இல்ல ஐயா" என்றார் அம்மா. "சும்மாதான் கூப்பிட்டேன்."

வைத்தபிறகு அம்மா சாவிக்கொத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி இருந்தார்.

"வீட்டுக்காரருக்கு எழுதுங்க" என்றாள் லேப் அக்கா.

"எழுதலாம். ஆனா தொழில் தொழில்தானே. விதின்னு ஒண்ணு இருக்குல்ல."

உள்ளறையிலிருந்து பிள்ளைகள் ஒரே குரலில் வாய்ப்பாடு சொல்லும் சத்தம் கேட்டது. அம்மாவின் கணவர் அங்கே கணக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தார். லேப் அக்கா அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பதினாறாம் வாய்ப்பாடு முடிந்து பதினேழு தொடங்கியது.

"சரி, சரி" என்று அம்மா போனை எடுத்தார். வீட்டுக்காரருக்கு எழுதினார். சம்மதம் சொன்னது வேறு ஆள், தவறு எங்களுடையது, அவர் இருப்பதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. அனுப்பிவிட்டு நிமிர்ந்தவர், பேச்சோடு பேச்சாகக் கேட்டார். "ஒரு விக் செய்ய எவ்வளவு நாள் ஆகுமாம்?"

"கேக்கல" என்றாள் லேப் அக்கா.

மதியத்துக்குள் வீட்டுக்காரரிடமிருந்து 3-டி பெண்ணுக்குப் பதில் வந்துவிட்டது. வீடு அவளுக்குத் தங்கியது.

குழுவுக்கு லேப் அக்கா சுருக்கமாகவே எழுதினாள். இவ்வளவு நாள் விரல் போட்டது பழைய 3-டி, நம்ம டிரைவர் ஐயா. அவங்க தையல் மாதிரி ஒரு கைவேலை செய்றாங்க, நான் பாத்துட்டேன், குறை சொல்ல எதுவும் இல்லை. உள்ளே போனவரும் வெளியே வந்தவரும் ஒரே ஆள்தான், தப்பு என் கண்ணுடையது. அதற்கு மேல் யார் கேட்டும் சொல்லவில்லை. ஆனால் யாரும் அதைக் கேட்கவில்லை. அவர்களுக்கு வேறு கவலை வந்துவிட்டது.

"அப்ப வெளி ஆள் ஒருத்தர் இவ்வளவு நாள் படிச்சிட்டிருந்திருக்கார்" என்றார் பிரின்சிபல். "ஐயா நல்லவர்தான். அவர் போனை வேற யார் பாக்கறாங்கன்னு நமக்கு என்ன தெரியும்?"

"அவரை எடுக்க வேண்டாம் சார், பாவம்" என்றான் ஜிம் தம்பி.

"நான் எடுக்கச் சொல்லல. யோசிங்கன்னு சொன்னேன்."

சாயங்காலம் டிரைவர் ஐயா நீக்கப்பட்டார். லேப் அக்காவும் அதைத் தடுக்கவில்லை. புதிய 3-டி சேர்க்கப்பட்டாள். புதிதாகச் சேர்பவர்களுக்குப் பழைய பேச்சு தெரியாது என்பதில் பலருக்கு நிம்மதி. அவள் எல்லாவற்றையும் வாசலில் நின்று படித்துவிட்டாள் என்பதை லேப் அக்கா யாரிடமும் சொல்லவில்லை.

அதன் பிறகு குழுவில் ஒரு மாற்றம் வந்தது. யார் எதை எழுதினாலும் காலையில் அடியில் ஒன்றுமே இருக்காது. மோட்டார் பழுது, காலி. பூந்தொட்டி உடைந்தது, காலி. முன்பு எது போட்டாலும் ஒரு விரலாவது நிச்சயம் இருக்கும். இப்போது ஒவ்வொருவரும் மற்றவர்கள் வேண்டுமென்றே தன்னைக் கவனிக்காமல் விடுகிறார்கள் என்று நினைக்கத் தொடங்கினார்கள். பிரின்சிபல் தன் செய்தியை இரண்டு முறை போட்டுப் பார்த்தார்.

லேப் அக்காவுக்கு வேறு ஒரு வியாதி பிடித்தது. லிஃப்டில் ஏறினால் கண் தானாகப் பிறர் தலைக்குப் போனது. அங்கே மேலே ஒரு சின்ன விசிறி சுழலும். யாருடைய முடி பறக்கிறது, யாருடையது பறக்கவில்லை என்று பார்ப்பாள். பிரின்சிபலின் முடி கறுப்பாக, அசையாமல் இருக்கிறது. எண்ணெயாகவும் இருக்கலாம். "என்ன பாக்கறீங்க?" என்று அவர் ஒரு நாள் கேட்டார். "ஒண்ணுமில்ல சார், விசிறி." தன் மேலேயே எரிச்சல் வந்தது அவளுக்கு. எதிர் வீட்டுப் பெண்ணிடம் இந்தக் கட்டடத்திலிருந்து யாராவது வருகிறார்களா என்று ஒரே ஒரு முறை கேட்டாள். அவள் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "டீ ஆறுது, குடிங்க அக்கா."

கண்ணாடித் துளையின் மேல் லேப் அக்கா கூடத்திலிருந்து கொண்டுவந்த வெள்ளை ஒட்டுத்துணியை ஒட்டினாள். கண்ணை மறைத்துவிடலாம். காதை என்ன செய்வது?

ஒரு மத்தியானம், கட்டடம் உண்டு அடங்கிய நேரம், படியில் சாவிக்கொத்து குலுங்குவது கேட்டது. இரண்டாம் மாடியிலிருந்து மேலே வந்தது. மொட்டைமாடிக்குப் போகிறார் போலும். மூன்றாம் மாடியை எட்டியதும் சத்தம் சட்டென்று நின்றது. கொத்து முழுவதையும் யாரோ கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டதுபோல. பிறகு மெதுவாக வைத்த சில காலடிகள். எதிர் வீட்டு மணி, விரல் பட்டதும் எடுத்ததுபோல, மிகச் சின்னதாக ஒலித்தது.

ஒட்டுத்துணியின் ஒரு முனை ஏற்கனவே பிரிந்திருந்தது. லேப் அக்கா அதைப் பார்த்தாள். பிறகு சமையலறைக்குப் போய், கழுவ ஒரு பாத்திரமும் இல்லாத தொட்டியில் குழாயை முழுதாகத் திறந்துவிட்டாள்.